மார்கரெட் ரிவர் பயணம்: முதலில் கார் சாவி யாரிடம் என்று முடிவு செய்யுங்கள்

கேள்வி: ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் என் தம்பி குடும்பம் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில், மகனின் பள்ளி விடுமுறையில், இரண்டு வாரம் அங்கே போகிறோம். அதில் நான்கு இரவு மார்கரெட் ரிவரில் தங்க வேண்டும் என்று என் கணவருக்கு ஆசை. அவருக்கு ஒயினில் ஈடுபாடு அதிகம். பன்னிரண்டு திராட்சைத் தோட்டங்களின் பட்டியலைத் தயாராக வைத்திருக்கிறார். நானும் என் மாமியாரும் குடிப்பதில்லை, சுத்த சைவம். அத்தைக்கு 68 வயது, முட்டி வலி உண்டு. பத்து வயது மகனுக்குக் கடல் இருந்தால் போதும். எல்லோருக்கும் ஒத்து வருகிற மாதிரி நான்கு நாளை எப்படித் திட்டமிடுவது? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி)

பதில்: நான்கு நாள் தாராளமாகப் போதும். ஆனால் அந்தப் பன்னிரண்டு தோட்டங்களை ஆறு, ஏழாகக் குறைக்க வேண்டும். உங்கள் கணவர் வருத்தப்படுவார், தெரியும். காரணத்தைச் சொல்கிறேன், அவரும் படிக்கட்டும்.

பெர்த்திலிருந்து தெற்கே சுமார் 270 கிலோமீட்டர், காரில் மூன்று மணி நேரம். வடக்கே கேப் நேச்சுரலிஸ்ட், தெற்கே கேப் லூவின் என்ற இரண்டு முனைகள். அவற்றுக்கு இடையே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்தியப் பெருங்கடலை ஒட்டி ஓடும் நிலம்தான் மார்கரெட் ரிவர் பகுதி. கேவ்ஸ் ரோடு என்ற ஒரே சாலை இதை நெடுக இணைக்கிறது. தோட்டம், காடு, குகை, கடற்கரை எல்லாமே அந்தச் சாலையிலோ அதிலிருந்து பிரிந்து போகும் சின்னச் சாலைகளிலோ இருக்கின்றன. வேறு ஒயின் ஊர்களில் பார்க்க முடியாத வசதி இது. தோட்டத்து வாசலிலிருந்து பத்து, பதினைந்து நிமிடம் ஓட்டினால் கடலில் கால் நனைக்கலாம்.

இங்கே திராட்சை வந்ததற்கும் அந்தக் கடல்தான் காரணம். 1960-களின் நடுவில் ஜான் கிளாட்ஸ்டோன்ஸ் என்ற வேளாண் விஞ்ஞானி இந்தப் பகுதியின் தட்பவெப்பத்தை ஆராய்ந்து எழுதினார். பிரான்சின் ஒயின் பகுதியான போர்டோவைப் போலவே இங்கும் கடல் காற்று வெயிலைத் தணிக்கிறது, குளிர் கடுமையாவதில்லை, மழையில் பெரும்பகுதி குளிர்காலத்தில் பெய்து முடிந்துவிடுகிறது, பழம் பழுக்கும் நேரத்தில் வானம் காய்ந்திருக்கிறது என்று எடுத்துக்காட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு 1967-இல் டாம் கல்லிட்டி என்ற பெர்த் இதய மருத்துவர் வாஸ் ஃபெலிக்ஸ் தோட்டத்தைத் தொடங்கினார். அடுத்தடுத்து வந்த மாஸ் வுட், கல்லன் தோட்டங்களை நிறுவியவர்களும் மருத்துவர்களே. அதுவரை மாட்டுப் பண்ணையும் மரம் அறுப்பும்தான் ஊரின் பிழைப்பு. இந்தக் கதையை உங்கள் மகனுக்குப் போகும் வழியில் சொல்லுங்கள். தோட்டத்தில் நிற்கும்போது முகத்தில் அடிக்கும் உப்புக்காற்றின் அர்த்தம் அவனுக்குப் புரியும்.

இப்போது முக்கியமான விஷயம். யார் கார் ஓட்டுவது?

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஓட்டுநரின் ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவீதத்தைத் தொடக் கூடாது. சாலையோரம் நிறுத்தி ஊதச் சொல்லும் சோதனை அங்கே சகஜம். ருசி பார்க்கத் தருவது ஒரு மடக்குதானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஊற்றல் 30 மில்லி என்றால் அதில் ஏறக்குறைய 3 கிராம் ஆல்கஹால். ஒரு தோட்டத்தில் ஆறு வகை ருசித்தால் 18 கிராம். ஆஸ்திரேலியர்கள் ஒரு அளவுக் குடி என்று சொல்வது 10 கிராம். ஆக, இரண்டே தோட்டத்தில் மூன்றரை அளவு உள்ளே போய்விடும். ஒவ்வொரு மேசையிலும் துப்புவதற்குக் குவளை இருக்கும். துப்புவதை அங்கே யாரும் தவறாக நினைப்பதில்லை, தேர்ந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். ஆனாலும் குழந்தையையும் வயதானவரையும் ஏற்றிக்கொண்டு போகிறவர் துப்புகிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

எனவே இரண்டே வழிதான். உங்களுக்கு ஓட்டத் தெரியுமென்றால் தோட்டம் போகும் நாளில் சாவி உங்களிடம் இருக்கட்டும். அங்கேயும் இடது பக்க ஓட்டம்தான், நம் ஓட்டுநர் உரிமம் ஆங்கிலத்தில் இருப்பதால் பிரச்சினை இல்லை. இல்லையென்றால் ஒரு நாள் மட்டும் உங்கள் கணவரைத் தோட்டச் சுற்றுலா வேனில் அனுப்பிவிடுங்கள். தங்கும் இடத்துக்கே வந்து ஏற்றிக்கொண்டு, நான்கைந்து தோட்டம் காட்டி, மாலையில் கொண்டுவந்து விடுவார்கள். உங்கள் குடும்பத்துக்கு இந்த இரண்டாவது வழிதான் பொருத்தம் என்பேன். அவர் நிம்மதியாக ருசிப்பார், நீங்கள் மூவரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வெளியே காத்திருக்க வேண்டியதில்லை.

அந்த வேன் நாளைத் தவிர, குடும்பமாக இரண்டு தோட்டம் போதும். ஒன்று வில்யாப்ரப் பகுதியில். முதலில் வேர் பிடித்த தோட்டங்கள் அங்கேதான் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இந்த மண்ணின் கெபர்னே சோவிஞோன் என்ற சிவப்பு ஒயினுக்குப் பெயர் வாங்கித் தந்ததும் அந்த இடம்தான். இன்னொன்று தெற்கே லூவின் எஸ்டேட் அல்லது வாயேஜர் எஸ்டேட். லூவினின் ஷார்டனே என்ற வெள்ளை ஒயின் உங்கள் கணவர் பட்டியலில் கட்டாயம் இருக்கும். அங்கே பெரிய புல்வெளி உண்டு, மகன் ஓடலாம். வாயேஜரில் ரோஜாத் தோட்டம், வெள்ளைச் சுவர் கட்டடங்கள். அத்தை ஒரு நாற்காலியில் உட்கார்ந்து ரசிப்பார். சுவைபார்க்கும் அறைகள் பெரும்பாலும் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 5 மணிக்கு மூடிவிடும். குழந்தைகளை உள்ளே விடுவார்கள், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஒயின் தரமாட்டார்கள், அவ்வளவுதான். ருசிக்கக் கட்டணம் உண்டு, பாட்டில் வாங்கினால் பல இடங்களில் கழித்துவிடுவார்கள். முன்பதிவு அவசியம்.

ஏப்ரல் கடைசி நல்ல காலம். அறுவடை ஏறக்குறைய முடிந்திருக்கும். பறவைகளிடமிருந்து பழத்தைக் காக்கப் போட்ட வலைகளை எடுத்திருப்பார்கள், இலைகள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும். பகல் வெயில் இதமாக இருக்கும், மழை மே மாதத்துக்குப் பிறகுதான் வலுக்கும். ஆனால் ஏப்ரல் 25 அன்சாக் தினம், பொது விடுமுறை. அதோடு அந்த ஊரின் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டியும் பல வருடமாக ஏப்ரல், மே மாதங்களையொட்டி நடக்கிறது. அறை கிடைப்பது கடினம், இப்போதே பாருங்கள்.

இன்னொன்று, அப்போது மாலை ஐந்தரை மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும். அந்தி நேரத்தில் கங்காருக்கள் சாலைக்கு வரும். கேவ்ஸ் ரோட்டில் காட்டுக்குள் போகும் பகுதிகளில் விளக்கு கிடையாது. ஐந்து மணிக்குள் தங்குமிடம் திரும்புவது போல ஒவ்வொரு நாளையும் வையுங்கள். வாடகைக் கார் ஒப்பந்தத்தில் விலங்கு மோதினால் காப்பீடு உண்டா என்பதையும் படித்துவிடுங்கள்.

மகனின் கடலுக்கு வருவோம். மேற்குக் கரையில் எழும் அலைகள் அலைச்சறுக்கு வீரர்களுக்கானவை. பிரெவெல்லி பக்கம் சர்ஃபர்ஸ் பாயின்டில் நின்று வேடிக்கை பாருங்கள், அதுவே பெரிய காட்சி. குளிக்க வேண்டியது வடக்கே திரும்பிய ஜியோகிராஃப் விரிகுடாவில். டன்ஸ்பரோவுக்கு அருகே மீலப் கடற்கரையில் தண்ணீர் பெரும்பாலான நாட்களில் குளம் மாதிரி கிடக்கும். வெப்பமான லூவின் நீரோட்டம் அந்தப் பருவத்தில் வலுவாக ஓடுவதால் கடல் அவ்வளவாகச் சில்லிடாது. இருந்தாலும் 20, 21 டிகிரி என்பது நம் ஊர்ப் பிள்ளைக்குக் குளிர்தான். ரப்பர் நீச்சலுடை ஒன்று வாங்கி வையுங்கள். படங்களில் அழகாகத் தெரியும் இஞ்சிடப் பாறைக்குளத்துக்கு அவனை இறக்காதீர்கள். எதிர்பாராமல் பேரலை பாறையைத் தாண்டி வரும். சுண்ணாம்புக்கல் குன்றின் அடியில் நிழலுக்காக உட்காருவதும் வேண்டாம். 1996-இல் கிரேஸ்டவுனில் அப்படி ஒரு குன்று சரிந்து ஒன்பது பேர் இறந்தார்கள்.

தெற்கே ஹாமிலின் பே என்ற இடத்தில் பெரிய திருக்கை மீன்கள் கரையோரம் முழங்கால் அளவுத் தண்ணீருக்கே வரும். பார்க்கலாம், தொடக் கூடாது, வாலில் முள் உண்டு. அங்கிருந்து கேப் லூவின் கலங்கரை விளக்கம் பக்கம்தான். 1895-இல் கட்டியது, 39 மீட்டர் உயரம். இந்தியப் பெருங்கடலும் தென் பெருங்கடலும் சேரும் முனை என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் இடம். கன்னியாகுமரியில் நின்று பழகிய நமக்கு அங்கே நிற்கும்போது ஒரு சொந்தம் தோன்றும்.

போகும் வழியில் பஸ்ஸல்டனில் இறங்கி மரப்பாலத்தைப் பாருங்கள். கடலுக்குள் 1,841 மீட்டர் நீள்கிறது. மேலே சின்ன ரயில் ஓடுவதால் அத்தை நடக்க வேண்டியதில்லை. குகைகளில் லேக் கேவ் அழகு, ஆனால் 300-க்கு மேல் படிகள், அத்தைக்கு வேண்டாம். மேமத் குகையின் முதல் அறைக்குச் சக்கர நாற்காலியே போகும். அழிந்துபோன பெரும் விலங்கு ஒன்றின் தாடை எலும்பும் அந்தக் குகையில் இருக்கிறது.

சாப்பாட்டுக்கு: சமையலறை உள்ள வீட்டை, மார்கரெட் ரிவர் ஊருக்குள்ளேயே, நான்கு இரவுக்கும் ஒரே இடமாக எடுங்கள். பெட்டியைக் கட்டி அவிழ்ப்பதில் ஒரு நாள் வீணாகக் கூடாது. பருப்பு, மசாலா எல்லாம் தம்பி வீட்டிலிருந்து வரட்டும். சனிக்கிழமை காலை உழவர் சந்தையில் காய்கறி நன்றாக இருக்கும். தோட்டத்து உணவகத்தில் ஒரு மதிய உணவாவது சாப்பிடுங்கள். பதிவு செய்யும்போதே இறைச்சி, மீன், முட்டை மூன்றும் கூடாது என்று தனித்தனியாக எழுதுங்கள். சைவம் என்று மட்டும் சொன்னால் முட்டை வரும்.

ஊரிலிருந்து கறிவேப்பிலை, பழம் எதுவும் கொண்டுபோகாதீர்கள், பெர்த் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள், அபராதமும் உண்டு. மற்ற உணவுப் பொருள் எதுவானாலும் படிவத்தில் எழுதிவிடுங்கள். திரும்பும்போது இந்தியாவுக்குள் பெரியவர் ஒருவருக்கு 2 லிட்டர் மது வரியில்லாமல் கொண்டுவரலாம். கணவர் கணக்கில் 750 மில்லி பாட்டில் இரண்டு. துணியில் சுற்றி, விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவிடுவார்கள்.