மொண்டெவிடியோவில் ஒருவர் மாத்தே நீட்டினால்

தம்பி, உருகுவே தலைநகர் மொண்டெவிடியோ வந்து சேர்ந்ததில் சந்தோஷம். ஆபீஸில் மாத்தேயை, அதாவது யெர்பா என்கிற உலர்ந்த மர இலையில் வெந்நீர் ஊற்றிக் குடிக்கும் அந்தக் கசப்புப் பானத்தை, ஒரே குடுக்கையில் ஒரே குழலை வைத்து எல்லாரும் மாறி மாறி உறிஞ்சுகிறார்கள், எச்சில் பார்த்து வளர்ந்த எனக்குக் கூச்சமாக இருக்கிறது, மறுத்தால் தப்பாக நினைப்பார்களா, குடித்தால் தூக்கம் போகுமா, வீட்டில் எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். குடும்பத்தோடு இங்கேயே தங்கிவிட்டவன் என்பதால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

வாங்கிக் குடியுங்கள், அதுதான் என் பதில். மறுத்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் அந்தக் குடுக்கை சுற்றி வரும் நேரத்தில்தான் மனம்விட்டுப் பேசுவார்கள், ஸ்பானிஷ் அரைகுறையாக இருந்தாலும் பொறுமையாகக் காது கொடுப்பார்கள். எந்தப் பகுதியில் வாடகை குறைவு, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்க்கலாம் என்பதெல்லாம் எனக்கு அப்படிக் கிடைத்த தகவல்கள்தான். எச்சில் கூச்சம் அவ்வளவு சீக்கிரம் போகாது, அதில் தவறும் இல்லை. உங்களுக்கென்று ஒரு செட் வாங்கிக் கையோடு கொண்டுபோங்கள். தெர்மாஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தன் மாத்தேயைத் தானே குடித்துக்கொண்டு நடப்பவர்கள்தான் இங்கே தெருவெல்லாம், கொரோனாவுக்கு அப்புறம் அது இன்னும் சாதாரணமாகிவிட்டது. சளி காய்ச்சல் என்றால் 'இன்று வேண்டாம்' என்று சொல்லிவிடுவது நல்லது.

பகிர்ந்து குடிக்கும்போது சில விஷயங்கள். கொடுத்ததை முழுதாக, அடியில் சர்ரென்று சத்தம் வரும்வரை உறிஞ்சிவிட்டு, ஊற்றித் தருபவரிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும், பக்கத்தில் இருப்பவரிடம் இல்லை. குழலைத் துடைக்காதீர்கள், கிண்டவும் கிண்டாதீர்கள். ஒவ்வொரு தடவையும் 'கிராசியாஸ்' (நன்றி) சொல்லாதீர்கள். சொன்னால் உங்களுக்குப் போதும் என்று எடுத்துக்கொண்டு அடுத்த சுற்றில் உங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

இவ்வளவு குடிக்கும் உருகுவேயில் யெர்பா விளைவதில்லை என்றே சொல்லலாம். சூப்பர் மார்க்கெட்டில் நீங்கள் பார்க்கும் கனாரியாஸ் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பிரேசில் என்று இருக்கும். பராகுவே, தெற்கு பிரேசில், அர்ஜென்டினாவின் மிசியோனெஸ் பக்கத்துக் காட்டு மரம் அது, அந்தப் பகுதிப் பழங்குடிகளான குவரானி மக்கள்தான் முதலில் குடித்தவர்கள். பதினேழாம் நூற்றாண்டில் இயேசு சபைப் பாதிரியார்கள் அதைத் தோட்டப் பயிராக்கினார்கள். அந்த விதை லேசில் முளைக்காது; அவர்கள் வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். 1767-இல் ஸ்பெயின் அரசர் அவர்களைத் துரத்தியதும் அந்தக் கைப்பக்குவமும் போய்விட்டது. அப்புறம் நூறு வருடத்துக்கும் மேலாகக் காட்டு மரத்தைத்தான் வெட்டினார்கள். அந்தக் காட்டு வேலைக்கு முன்பணம் கொடுத்து ஆளெடுத்து, கடனில் மாட்டிவைத்து, முதுகொடியும் இலைக் கட்டுகளைச் சுமக்கவிட்டார்கள். 'மென்சூ' என்று அழைக்கப்பட்ட அந்தத் தொழிலாளர்களின் கதையை ஸ்பானிஷ் கொஞ்சம் பிடிபட்டதும் தேடிப் படியுங்கள், அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது. 1890-களில் புவெனஸ் ஐரிஸ் தாவரவியல் பூங்காவில், அதை உருவாக்கிய கார்லோஸ் தாய்ஸ் விதையை வெந்நீரில் நெடுநேரம் ஊறவைத்து மறுபடி முளைக்க வைத்தார். இன்றைய பெரிய தோட்டங்களெல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

தூக்கம் போகுமா என்றால், போகும். உலர்ந்த இலையில் காஃபின் 1 முதல் 2 சதவீதம் இருக்கும். உருகுவே குடுக்கை ஒன்று 50 கிராம் இலை தாராளமாகப் பிடிக்கும். அதில் ஒரு லிட்டர் தெர்மாஸையும் நீங்கள் ஒருவரே தீர்த்தால், உள்ளது அத்தனையும் இறங்காவிட்டாலும், இரண்டு மூன்று டம்ளர் காபி குடித்த கணக்குதான். ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் வரை பரவாயில்லை என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவு. மாத்தேயில் அது மணிக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதால் படபடப்பு குறைவாகத் தெரியும், அதனால்தான் அளவு தாண்டுவதும் தெரியாது. மாலை நான்கு மணிக்கு மேல் நிறுத்திக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம், எரியும். சைவம் என்றால் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள், பருப்பு கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் ஒட்டுவதை இது குறைக்கும்.

இதையெல்லாம் விட முக்கியம் சூடு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் சொன்னது, 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாக இருக்க வாய்ப்புண்டு என்று. மிதமான சூட்டில் குடிக்கும் மாத்தேயை அந்தப் பட்டியலில் வைக்கவில்லை. எனவே நம் ஊர் டீ மாதிரி தளதளவென்று கொதிக்க விடவே கூடாது. ஊற்றும் தண்ணீர் 75 டிகிரி போதும், குடுக்கையில் கொஞ்சம் ஆறி 65-க்குக் கீழே வந்த பிறகு உறிஞ்சுங்கள்; இங்கே விற்கும் மின்கெட்டில்களில் மாத்தேக்கென்று தனி பட்டனே இருக்கும். கொதித்த தண்ணீர் பட்டால் இலையும் கருகிக் கசந்துவிடும், உங்கள் முதல் வாயே வெறுத்துப்போகும்.

சரி, போடும் முறை. ஞாயிற்றுக்கிழமை திரிஸ்தான் நார்வாஹா சந்தையில் தோல் சுற்றிய குடுக்கை ஒன்று வாங்குங்கள். நம் வீட்டுக் கொல்லையில் காய்க்கும் அதே சுரைக்காய் இனம்தான். புதுசு என்றால் ஈர யெர்பாவை நிரப்பி ஒரு நாள் வைத்து, ஸ்பூனால் உள்ளே மெதுவாகச் சுரண்டிக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அப்புறம் முக்கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாக யெர்பா போட்டு, வாயை உள்ளங்கையால் மூடிக் கவிழ்த்து ஒரு குலுக்கு குலுக்குங்கள். கையில் பச்சைப் பொடி ஒட்டும், தட்டிவிடுங்கள். குடுக்கையைச் சாய்த்தபடியே நிமிர்த்தினால் இலை ஒரு பக்கம் மேடாக நிற்கும், மறுபக்கம் பள்ளமாக இருக்கும். பள்ளத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் விட்டு, இலை குடித்து உப்பும்வரை காத்திருங்கள். குழலின் வாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அந்த ஈரத்தில் அடிவரை இறக்குங்கள், இனி அதைத் தொடக்கூடாது. எப்போதும் குழலின் காலடியில் மட்டும் ஊற்றுங்கள். அந்த மேடு நனையாமல் இருக்கும்வரை ருசி இருக்கும், நுரை அடங்கித் தண்ணீர் சப்பென்று ஆனதும் மேட்டில் கொஞ்சத்தைப் பள்ளத்துக்குத் தள்ளிவிட்டால் இன்னும் சில சுற்று வரும்.

சர்க்கரை போடாமலே பழகுங்கள், சில வாரம் பொறுத்தால் கசப்பு பிடித்துவிடும். இப்போதைக்கு முடியாது என்றால் மூலிகை கலந்த 'கொம்புவெஸ்தா' பாக்கெட் வாங்குங்கள், கொஞ்சம் மென்மையாக இருக்கும். ஆபீஸில் நீங்களே போட்டுக் கொடுக்கும் நாள் வந்தால், முதல் ஊற்று பொடியும் கசப்புமாக இருக்கும், அதை நீங்கள் குடித்துவிட்டு இரண்டாவதிலிருந்து மற்றவர்களுக்கு வரிசை மாறாமல் கொடுங்கள்.