சம்பளத்தைக் கூட்டினால் இலங்கையில் தேயிலைத் தோட்டங்களை மூடவேண்டி வரும் என்கிறார்களே, உண்மையா?

தொலைக்காட்சி விவாதம் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தப் பயமுறுத்தல் பழகிப்போனது.

2018இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாய் கேட்டு எங்கள் ஆட்கள் ரோட்டில் இறங்கியபோதும் தொழிலே படுத்துவிடும் என்றார்கள். 2021 மார்ச்சில் அரசாங்க வர்த்தமானி (அரசிதழ் அறிவிப்பு) வந்து ஆயிரம் ஆனது. 2024இல் 1350 ஆனது. மறுநாளும் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு, ஆள் கூப்பிடத்தான் செய்தார்கள்.

கம்பனிக்குக் கஷ்டமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அப்படித் திரித்து யாரும் சண்டைக்கு வரவேண்டாம். கிழட்டுத் தேயிலையை வைத்துக்கொண்டு செலவைச் சமாளிப்பது லேசில்லை. ஆனால் 2021இல் கிட்டத்தட்ட 30 கோடி கிலோவாக இருந்த உற்பத்தி அடுத்த வருடம் 25 கோடிக்கு விழுந்ததே, அது சம்பளத்தாலா? இரசாயன உரம் என்றாலே விஷம் என்று ஊதிப் பெருக்கி, 2021 மே மாதம் இறக்குமதியையே திடீரென்று நிறுத்தினார்கள். நவம்பரில் தடையை எடுத்தும் மலை தேறவில்லை.

சம்பளம் கூடியதும் உண்மையில் நடந்தது வேறு. எங்கள் தோட்டத்தில் ஒரு நாளில் பறிக்கவேண்டிய கொழுந்து 18 கிலோவிலிருந்து 20 ஆனது. குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கணக்குத்தான். அம்மா சாக்கைத் தராசில் மாட்டுவார், முள் 21இல் நிற்கும். கொழுந்தில் ஈரம் என்று இரண்டு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ கழித்து 18 என்று எழுதுவார்கள். அன்றைக்கு அரைச் சம்பளம். "ஆயிரம் வாங்கித் தந்தோம்" என்று மேடையில் மாலை போட்டுக்கொண்டவர்களில் ஒருவரும் தராசடிக்கு வரவில்லை. அதனால் அடுத்த விவாதத்தில் தோட்டம் மூடுமா என்பதை விடுங்கள். நாளுக்கு எத்தனை கிலோ, மாதம் எத்தனை நாள் வேலை என்று கேளுங்கள்.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். எங்கள் லயத்து வீடுகளுக்கு இன்னும் இலக்கம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். தங்கச்சிக்கு வந்த நேர்முகத் தேர்வுக் கடிதம் அங்கேயே கிடந்து, திகதி முடிந்த பிறகுதான் கைக்குக் கிடைத்தது. அவ்வளவு படித்த பிள்ளை. இதையும் ஒரு விவாதத்தில் யாராவது பேசட்டும்.