இரண்டாம் பாதியில் விழும் கோல்கள்

அன்புள்ள ஐயா,

அல்சூர் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருக்கிறேன். 14 வயதுக்குட்பட்டோர் ஃபுட்பால் டீம். பதினாறு பையன்கள், ஐந்து பால், வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் ஒரு மணி நேரம். அகாடமிப் பையன்கள் ஆடும் பள்ளிகளோடு மோதினால் முதல் பாதியில் 0-1 என்று தாக்குப்பிடிக்கிறோம். இரண்டாம் பாதியில் ஐந்தாறு வாங்கிவிடுகிறோம். பயந்துவிடுகிறார்கள் போல. இடைவேளையில் இவர்களிடம் என்ன பேசலாம்?

ஒரு வாசகர், பெங்களூரு

அன்புள்ள மாஸ்டர்,

பயந்த டீம் முதல் பத்து நிமிடத்திலேயே வாங்கிவிடும். உங்கள் பையன்கள் வாங்குவது ஆசையால். ஒரு கோல் பின்தங்கியதும் ஃபார்வர்டுகளும் நடுவில் ஆடும் ஹாஃப்களும் பதில் கோல் தேடி மேலே போய்விடுவார்கள். பின்னால் நின்று காக்கும் பேக்குகள் பெனால்டி பாக்ஸை விட்டு வரமாட்டார்கள். நடுவில் முப்பது மீட்டர் காலியாகக் கிடக்கும். எதிரணி ஹாஃப் அங்கே பாலை வாங்கி, திரும்பி, நிதானமாகப் பார்த்து பாஸ் கொடுப்பான். எந்தப் பேச்சாலும் அந்த இடத்தை அடைக்க முடியாது.

பெலேவுக்குச் சிலை வைத்த கௌதம்புரம் உங்களுக்குப் பக்கம்தான். அந்தப் பக்கத்துப் பையன்களுக்குச் சந்தில் ஆடத் தெரியும். இரண்டு பேர் மேலே விழுந்தாலும் பாலை விடமாட்டார்கள். அகலமான மைதானத்தில்தான் தொலைந்துபோகிறார்கள். ஆக, அந்தப் பெரிய மைதானத்துக்குள் ஒரு சந்து உண்டாக்கிக் கொடுங்கள். பேக் வரிசைக்கும் ஹாஃப் வரிசைக்கும் இடைவெளி 10 முதல் 12 மீட்டர், அதற்கு மேல் கூடாது.

இதற்குக் கயிறு போதும். 10 மீட்டர் கயிறு நான்கு வாங்குங்கள். ஒவ்வொரு பேக்கும் தன் முன்னால் நிற்கும் ஹாஃபும் ஆளுக்கொரு முனையைக் கையில் பிடிக்கட்டும். இடுப்பில் கட்டிவிடாதீர்கள், ஒருவன் விழுந்தால் இன்னொருவனையும் சாய்த்துவிடுவான். நீங்கள் பாலைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே இடமும் வலமும் நடங்கள். இரண்டு வரிசையும் உங்களோடு நகரவேண்டும். கயிறு விறைக்கவும் கூடாது, தரையில் புரளவும் கூடாது. முதலில் நடை, பிறகு மெல்லோட்டம், ஒரு வாரம் கழித்துக் கயிறில்லாமல். தவறு இரண்டு இடத்தில் வரும். பால் இடது கோட்டோரம் இருக்கும்போது வலது பேக் தன் கோட்டிலேயே நின்று வேடிக்கை பார்ப்பான். அவன் கோலின் நடுவுக்கு நேராக வந்துவிடவேண்டும். எதிரணி பாலைப் பின்னால் தட்டும்போது யாரும் முன்னேறமாட்டார்கள். அப்போது கீப்பர் “ஏறு” என்று கத்தவேண்டும். கன்னடப் பையன்களுக்கும் அது புரியும்.

மைதானத்தைச் சுற்றி ஓடவிடுவதை நிறுத்துங்கள். பதினாறு பேர் என்றால் 30க்கு 20 மீட்டரில் இரண்டு கட்டம், நாலுக்கு நாலு. நான்கு நிமிடம் ஆட்டம், இரண்டு நிமிடம் ஓய்வு, நான்கு சுற்று. மிச்சமிருக்கும் மூன்று பாலையும் கோட்டோரம் வையுங்கள். பால் வெளியே போனால் அடுத்த பால் உடனே உள்ளே வரவேண்டும். இரண்டாம் பாதிக்கான மூச்சு இதில்தான் வரும். மதியச் சாப்பாட்டோடு சாயங்காலம் ஓடும் பிள்ளைகள் என்றால் முன்னதாக ஒரு வாழைப்பழமோ கடலை மிட்டாயோ கொடுங்கள். ஃபிஃபாவின் ‘11 பிளஸ்’ வார்ம்-அப் இருபது நிமிடம்தான், பெரிய சாமான் எதுவும் வேண்டாம். வாரம் இரண்டு நாளாவது செய்யவையுங்கள், முழங்கால் கணுக்கால் தப்பும்.

கோல் போட உங்களுக்கு மலிவான வழி த்ரோ-இன், பக்கவாட்டுக் கோட்டுக்கு வெளியே போன பாலைக் கையால் உள்ளே எறிவது. நேராகக் கையிலிருந்து வரும் பாலுக்கு ஆஃப்சைடு (எதிரணி பேக்குகளைத் தாண்டி நின்று பாலை வாங்கும் தவறு) கிடையாது என்பது பல பையன்களுக்குத் தெரியாது. எதிரணி பேக்கின் முதுகுக்குப் பின்னால் ஒருவனை நிறுத்தலாம். ஆனால் பின்கால் தரையை விட்டு எழும்பினால் ரெஃபரி பாலை அவர்களுக்குக் கொடுத்துவிடுவார். ஆளுக்குத் தினம் பத்து எறி.

இப்போது இடைவேளை. முதல் சில நிமிடம் தண்ணீர் குடித்து உட்காரட்டும், நீங்களும் பேசாதீர்கள். பிறகு மொத்த டீமுக்கும் இரண்டே விஷயம் சொல்லுங்கள், அதுவும் இடத்தைச் சுட்டி. “உயிரைக் கொடுத்து ஆடுங்கள்” என்றால் அந்த வயதுப் பையன் பாலைத் துரத்திக்கொண்டு தன் இடத்தை விட்டுப் போவான். கோலும் அந்த இடத்தில்தான் விழும்.

1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூரு அருமைநாயகம் இருந்த இந்திய அணி அது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2. பயிற்சியாளர் ரஹீம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். இறுதி ஆட்டத்துக்கு முன் அவர் பேசிய பேச்சைத்தான் எல்லோரும் சொல்வார்கள். தலையில் தையல் போட்டிருந்த டிஃபெண்டர் ஜர்னைல் சிங்கை அவர் ஃபார்வர்டாக இறக்கியதை அவ்வளவாகச் சொல்வதில்லை. இறுதியில் அதே தென்கொரியாவை 2-1 என்று வென்றபோது ஒரு கோல் ஜர்னைலுடையது. உங்கள் பதினாறு பேரில் தப்பான இடத்தில் நிற்பவன் யார் என்று ஒருமுறை பாருங்கள். எல்லாப் பள்ளி டீமிலும் ஒருவனாவது இருப்பான், பெரும்பாலும் உயரமாக இருக்கிறான் என்பதற்காகவே கீப்பராக்கப்பட்டவன்.

கடைசியாக, செயற்கைப் புல்லில் மேட்ச் என்றால் நீள ஸ்டட் (அடியில் இருக்கும் குமிழ்) வைத்த ஷூ வேண்டாம், கால் மாட்டிக்கொண்டு முழங்கால் திருகும். குட்டை ஸ்டட் போதும். புது ஷூ என்றால் நாலு நாள் பிராக்டிஸில் போட்டுப் பழகிய பிறகு மேட்சுக்குப் போடட்டும்.