ஆறு வருஷமும் ஆங்கிலமா? காலேஜே எழுதித் தரட்டும்

கேள்வி: மகள் நீட் பாஸ். அரசு சீட்டுக்கு மார்க் போதாது. ஜார்ஜியாவில் ஆறு வருஷமும் ஆங்கிலத்தில் பாடம், 'என்எம்சி அப்ரூவ்டு' காலேஜ் என்கிறார் மார்த்தாண்டத்து ஏஜென்ட் ஒருவர். இந்த வாரமே ஐம்பதாயிரம் அட்வான்ஸ் கேட்கிறார். மீதிக்கு ரப்பர் தோட்டத்தை ஈடு வைக்க வேண்டும். 2020இல் போன என் அண்ணன் மகன் இதையெல்லாம் விசாரிக்கவே இல்லை. நம்பிச் சேர்க்கலாமா?
- ஒரு தந்தை, குலசேகரம்

பதில்: அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வெளிநாட்டுக் கல்லூரிகளில் 'என்எம்சி அப்ரூவ்டு' என்று ஒன்று கிடையவே கிடையாது. தேசிய மருத்துவ ஆணையம் அப்படி எந்தப் பட்டியலும் தருவதில்லை. விதியைச் சொல்லிவிட்டு, 'பொருந்துகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒதுங்கிக்கொள்கிறது. குலசேகரத்தில் ரப்பர் வெட்டுகிறவர் ஜார்ஜியத் தலைநகர் திபிலிசியின் பாடத்திட்டத்தை எங்கே போய்ச் சரிபார்ப்பார்? டெல்லியில் யாருக்கும் அந்தக் கவலை இல்லை. அதனால்தான் தெருவுக்குத் தெரு ஏஜென்ட் கடை. அடுத்து 'டபிள்யூஹெச்ஓ அங்கீகாரம்' என்பார்கள். உலக சுகாதார அமைப்பான அது எந்த மருத்துவக் கல்லூரிக்கும் அங்கீகாரம் கொடுப்பதில்லை.

விதி இதுதான்: குறைந்தது 54 மாதப் படிப்பு, முழுக்க ஆங்கிலத்தில். அதே கல்லூரியில் 12 மாத இன்டர்ன்ஷிப். படித்த நாட்டிலேயே, அந்நாட்டுக்காரருக்குச் சமமாக டாக்டராகத் தொழில் செய்யும் தகுதி. இந்தக் கடைசி விஷயத்தைக் கேட்டால் பல ஏஜென்டுகள் பேச்சை மாற்றுவார்கள், கவனியுங்கள். 'இப்போதைக்கு இங்கே சேருங்கள், ரெண்டாம் வருஷம் பெரிய காலேஜுக்கு மாற்றித் தருகிறேன்' என்றால் எழுந்து வந்துவிடுங்கள். படிப்பு முழுவதும் ஒரே கல்லூரியில்தான் இருக்க வேண்டும்.

வகுப்பில் ஆங்கிலம் இருக்கலாம். வார்டில் படுத்திருக்கும் பாட்டி எங்கே வலிக்கிறது என்பதை ஜார்ஜிய மொழியில்தான் சொல்வாள். அது புரியாத பிள்ளை நோயாளியிடம் ஒரு கேள்வி கேட்காமல், சீனியர் சொல்வதை நோட்டில் எழுதிக்கொண்டே வருஷங்களைக் கடத்திவிடும். ஊர் திரும்பினால் எஃப்எம்ஜிஇ என்ற, வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்தவர்களுக்கான தேர்வு: 300 கேள்வி, 150 மார்க் வாங்கினால்தான் பாஸ். அதன் பிறகு இங்கேயும் 12 மாத இன்டர்ன்ஷிப். இந்தத் தேர்வுக்குப் பதிலாக 'நெக்ஸ்ட்' என்ற புதிய தேர்வு வரும் என்று வருஷக்கணக்காகச் சொல்கிறார்கள். ஒரு தேதியை உறுதியாகச் சொன்னால் பிள்ளைகள் அதற்குத் தக்கபடி படிக்கும், இல்லையா?

உங்கள் அண்ணன் மகன் விஷயம் வேறு. 2021 நவம்பர் 18-க்கு முன்பே படித்துக்கொண்டிருந்தவர்களை, அன்று வந்த இந்தப் புதிய விதிகள் கட்டுப்படுத்தாது. நாடு, காலேஜ், ஏஜென்ட் எல்லாம் அதேதான் என்றாலும் பயனில்லை. எப்போது சேர்ந்தார் என்பதுதான் கணக்கு. அவர் உட்கார்ந்த அதே பெஞ்சில் உங்கள் மகள் போய் உட்கார்ந்தாலும் அவளுக்குப் புதிய விதிதான். 'உங்க வீட்டுப் பையனே போயிருக்கானே' என்று ஏஜென்ட் சொன்னால் இந்தத் தேதியைச் சொல்லுங்கள். எஃப்எம்ஜிஇ மட்டும் அவருக்கும் உண்டு.

இப்போது செய்ய வேண்டியது: கல்லூரியின் இணையதளத்தில் இருக்கும் முகவரிக்கு மகளே மெயில் அனுப்பட்டும். ஏஜென்ட் தருகிற முகவரி வேண்டாம். படிப்பு எத்தனை மாதம், எல்லா வருஷமும் ஆங்கிலமா, இன்டர்ன்ஷிப் அங்கேயேவா, வெளிநாட்டு மாணவர் அங்கே லைசென்ஸ் பெற முடியுமா, அதற்கான தேர்வு எந்த மொழியில் என்று கேட்கட்டும். பதில் கல்லூரியின் லெட்டர்ஹெட்டில் வரட்டும். ஃபீஸ் கட்டுவதாக இருந்தால் பல்கலைக்கழகத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கு மட்டும். தோட்டப் பத்திரம் அதுவரை பீரோவிலேயே இருக்கட்டும்.