ஐ.பி.எஸ். (எரிச்சல் குடல் நோய்) வயிற்று வலிக்கு ஹிப்னோதெரபி (அறிதுயில் சிகிச்சை) உதவுமா? மாத்திரையை நிறுத்தலாமா?

பலருக்கு உதவும். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

முதலில் அது ஐ.பி.எஸ்.தானா என்று உறுதியாக வேண்டும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ரத்தசோகை, தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் குடல் மருத்துவரைப் பாருங்கள். வலியை அமுக்கிவிட்டுப் புற்றுநோயைக் கோட்டைவிடுவதுதான் இதில் பெரிய ஆபத்து.

பிரிட்டனின் மான்செஸ்டரில் குடல் மருத்துவர் பீட்டர் வோர்வெல் குழு 1984இல் 30 பேரிடம் சோதித்து வெளியிட்ட முறை இந்த ஹிப்னோதெரபி. பின்னாளில் வாரம் ஒன்றாகப் 12 அமர்வுகள் வரை வளர்ந்தது. உடலைத் தளர்த்தியபின் உள்ளங்கையை வயிற்றில் வைத்து, சூடு உள்ளே இறங்குவதை உணரச் சொல்வார்கள். அடுத்து கற்பனை: மலச்சிக்கல் என்றால் தேங்கிய ஆறு ஓடத் தொடங்குகிறது, வயிற்றுப்போக்கு என்றால் வெள்ளம் தணிகிறது. சுயநினைவு தப்பாது, மேடை வித்தையோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒலிப்பதிவைக் கேட்டு வீட்டில் தினமும் பயிற்சி செய்யாவிட்டால் பலன் நிலைப்பது கடினம்.

‘வழியில் கழிப்பறை இருக்காதே’ என்ற பயத்தில் வெளியே போவதையே தவிர்ப்பவருக்கு சி.பி.டி. (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும்) உளச்சிகிச்சை இன்னும் பொருத்தம். 12 மாதம் மருந்து எடுத்தும் தீராதவர்களுக்கு இவ்விரண்டையும் பரிசீலிக்கச் சொல்கிறது பிரிட்டனின் நைஸ் (சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் அரசு அமைப்பு) வழிகாட்டி. மனச்சிதைவு உள்ளவர்கள் மனநல மருத்துவரைக் கேட்காமல் ஹிப்னோதெரபி பக்கம் போகக் கூடாது.