ஒரே முற்றம், இரண்டு அடுப்பு

கேள்வி: ஜெர்மனியின் மைய வலதுசாரிக் கட்சிகளான சி.டி.யு.வும் சி.எஸ்.யு.வும் நாடாளுமன்றத்தில் ஒரே குழுவாக அமர்கின்றனவே, ஏன் ஒரே கட்சியாக இணைந்துவிடவில்லை? – மதுரை வாசகர்

பதில்: இணைந்தால் இரண்டுக்குமே நஷ்டம். பவேரியாவில் சி.எஸ்.யு. மட்டுமே போட்டியிடுகிறது, மற்ற 15 மாநிலங்களில் சி.டி.யு. மட்டுமே. எந்த மாநிலத்திலும் ஒன்றையொன்று எதிர்த்துப் போட்டியிடாத, ஒத்த நோக்கம் கொண்ட கட்சிகளின் உறுப்பினர்கள் ஒரே குழுவாக அமரலாம் என்று நாடாளுமன்ற விதியே இடம் தருகிறது. ஆகவே பவேரியாவில் ‘எங்கள் மண்ணின் கட்சி’ என்று வாக்குக் கேட்கும் சி.எஸ்.யு., தேசிய அரசிலும் தனிக் கட்சிக்குரிய மரியாதையோடு அமைச்சர் பதவிகளைப் பேசி வாங்க முடிகிறது.

இந்த ஏற்பாட்டை உடைக்கவும் ஒருமுறை முயன்றார்கள். 1976 அக்டோபர் தேர்தலில் இவ்விரு கட்சிகளும் சேர்ந்து 48.6 விழுக்காடு வாக்குகள் பெற்றும், சமூக ஜனநாயகக் கட்சியும் சுதந்திர ஜனநாயகக் கட்சியும் கைகோத்திருந்ததால் ஆட்சி கிட்டவில்லை. பொறுமையிழந்த சி.எஸ்.யு. தலைவர் ஸ்ட்ராஸ், நவம்பர் 19 அன்று பவேரியாவின் வில்ட்பாட் க்ரோய்ட்டில் தம் கட்சி உறுப்பினர்களைக் கூட்டி, தனிக் குழுவாகப் பிரிவதென்று முடிவெடுக்க வைத்தார். ஹெல்முட் கோல் தலைமையிலான சி.டி.யு. கெஞ்சவில்லை; அப்படியானால் நாங்களும் பவேரியாவில் கிளை தொடங்குவோம் என்றது. அடிமடியிலேயே கை வைக்கிறார்கள் என்று கண்டதும், டிசம்பரில் முடிவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது சி.எஸ்.யு. இவர்களைச் சேர்த்து வைத்திருப்பதில் பாசத்தைவிட அந்த அச்சத்துக்கே பங்கு அதிகம் என்பது என் கணிப்பு.

கேள்வி: அப்படியானால் முழு இணைப்பு எங்குமே நிலைக்கவில்லையா? – திருச்சி வாசகர்

பதில்: நெதர்லாந்தில் நிலைத்தது. ஒரு கத்தோலிக்கக் கட்சியும் இரண்டு புரொட்டஸ்டன்ட் கட்சிகளும் 1977 தேர்தலைப் பொதுப் பட்டியலுடன் சந்தித்துப் பார்த்துவிட்டு, 1980இல்தான் சி.டி.ஏ. என்ற ஒரே கட்சியாயின.

இத்தாலியில் நடந்தது வேறு. 2007 நவம்பரில் மிலானில் காரின் படியில் ஏறி நின்றபடி புதுக் கட்சியை அறிவித்தார் முன்னாள் பிரதமர் பெர்லுஸ்கோனி. கூட்டணிக் கட்சித் தலைவர் ஃபினி முதலில் அதை ஏளனம் செய்தார். ஆனாலும் 2009 மார்ச்சில் தம் கட்சியைக் கலைத்துவிட்டு அதில் சேர்ந்தார். மறு ஆண்டே வெளியேற்றப்பட்டார். 2013 நவம்பரில் பெர்லுஸ்கோனியே அந்தக் கட்சியை மூடிவிட்டு, ‘ஃபோர்சா இத்தாலியா’ என்ற தம் பழைய கட்சிப் பலகையைத் தூசி தட்டி மாட்டிக்கொண்டார்.