துளையிடும் கப்பலின் ஈர்ப்பு மையம்: கேள்வி பதில்

எண்ணெய்க் கிணறு தோண்டும் கப்பல்களில் நிலைப்புக் கணக்குப் பார்த்து ஓய்வுபெற்ற நாகப்பட்டினத்துக்காரர் பதில் சொல்கிறார்.

மயிலாடுதுறை மாணவர்: ஈர்ப்பு மையத்தின் உயரத்தை எப்படிக் கணக்கிடுவது சார்?

ஒவ்வொரு எடையையும் கீலிலிருந்து, அதாவது கப்பலின் அடிமட்டத்திலிருந்து, அது இருக்கும் உயரத்தால் பெருக்குங்கள். எல்லாவற்றையும் கூட்டி மொத்த எடையால் வகுங்கள், அவ்வளவுதான். எந்த உயரத்தை எழுதுவது என்பதில்தான் வினையே.

அதே மாணவர்: எடை இருக்கும் உயரம்தானே சார்?

தொங்காத வரை அப்படித்தான். 20,000 டன் கப்பல், டெக்கில் 18 மீட்டர் உயரத்தில் 200 டன் குழாய் என்று வையுங்கள். அதை டெரிக்கில், அதாவது குழாய் தூக்கும் கோபுரத்தில், தொங்கவிட்டுக் கிணற்றுக்குள் இறக்குகிறோம். குழாய்தான் கீழே போய்விட்டதே, மையமும் இறங்கும் என்று தோன்றும். நேர்மாறு! தொங்கும் எடை டெரிக் உச்சியில் இருக்கும் கப்பியில் விழுகிறது. அது 70 மீட்டரில் இருந்தால் 70 என்றே எழுத வேண்டும். 200 × 52 ÷ 20,000 = 0.52 மீட்டர் மையம் மேலே ஏறும். ஜிஎம், அதாவது ஈர்ப்பு மையத்திலிருந்து மெட்டாசென்டர் (கப்பல் லேசாகச் சாயும்போது மிதப்பு விசையின் கோடு கப்பலின் நடுக்கோட்டை வெட்டும் புள்ளி) வரையிலான உயரம், 1.5 மீட்டராக இருந்தால் 0.98 ஆகிவிடும். அது குறையக் குறைய, சாய்ந்த கப்பல் நிமிரும் பலமும் குறையும். (கிணற்றில் ஓட்டும் சேறு போன்ற மட் கலவையில் மூழ்கிய குழாய் எடை குறைந்து இழுக்கும், இங்கே அதை விட்டுவிட்டேன்.)

அக்கரைப்பேட்டை விசைப்படகுக்காரர்: வலையைக் கப்பியில் தூக்கும்போது படகு தள்ளாடுவதும் இதனால்தானா அண்ணே?

அதேதான் தம்பி. வலை தண்ணீரை விட்டு எழும்பியதுமே மீனின் எடை கப்பி உயரத்துக்குப் போய்விடும். பக்கவாட்டில் தூக்கினால் சாய்வும் சேரும்.

காரைக்கால் வாசகி: மட் டேங்க் பாதி காலியாக இருந்தால் எடை குறைவு, நல்லதுதானே?

இல்லைம்மா. கப்பல் சாயும் பக்கமே கலவையும் ஓடும். 10 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலத் தொட்டியில் 1.5 அடர்த்திக் கலவை இருந்தால், அதே கப்பலில் ஜிஎம் சுமார் 11 சென்டிமீட்டர் குறையும். அகலத்தின் மும்மடிப் பெருக்கம் கணக்கில் வருவதால், நடுவே நீளவாக்கில் தடுப்பு வைத்தால் இழப்பு கால் பங்காகிவிடும். தொட்டி முழுக்க நிறைந்தோ முழுக்கக் காலியாகவோ இருக்கட்டும்.

திருவாரூர் வாசகர்: வயலில் நின்று துளையிடும் ரிக்குக்கும் இந்தக் கணக்கு உண்டா?

கிடையாது, அது மிதக்கவில்லையே. ஆனால் கடலில் கால் ஊன்றி நிற்கும் ஜாக்அப் ரிக்கை இழுத்துப்போகும்போது கால்கள் வானத்தைப் பார்த்து நிற்கும். அப்போது இந்தக் கணக்கு கட்டாயம்.

மயிலாடுதுறை மாணவர்: வெறும் கப்பலின் மையம் எப்படித் தெரியும்?

சாய்த்துப் பார்த்துத்தான். தெரிந்த எடையைப் பக்கவாட்டில் நகர்த்தி, ஊசல் எவ்வளவு விலகுகிறது என்று அளப்பார்கள். அதிலிருந்து ஜிஎம் கிடைக்கும். மெட்டாசென்டரின் உயரம் கப்பலின் வடிவத்திலிருந்து தெரியும். அதில் ஜிஎம்மைக் கழித்தால் மையம். காற்றில்லாத நேரமாகப் பார்த்து, கட்டிய கயிறுகளைத் தளர்த்திவிட்டுச் செய்ய வேண்டும். கயிறு இறுகினால் கப்பல் குறைவாகச் சாயும், ஜிஎம் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும்.